சேர்த்து வைக்கிற பெரியப்பா

பெரியப்பா கோர்ட்டு என்ற சொல்லை வாயால் சொல்லமாட்டார். 'அந்த எடம்' என்பார். "அந்த எடத்துக்குப் போன குடும்பம் எதுனா உருப்பட்டு பாத்திருக்கியா?" என்று கேட்பார். சென்னைக்குப் போகும் பஸ் வேலூரைத் தாண்டும்போது கோர்ட்டுக் கட்டடம் வரும். அது வந்தால் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். சின்ன வயதில் எனக்கு இது சிரிப்பாக இருக்கும். வேண்டுமென்றே, "பெரிப்பா, அங்க பாருங்க" என்று கையைக் காட்டுவேன்.

என் அப்பாவுக்கு அண்ணன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தொழிலாளர் நல அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு சர்ச் கமிட்டி. இரண்டு இடத்திலும் அவருக்கு ஒரே வேலைதான், ராஜி பண்ணி வைப்பது. ஸ்டிரைக் என்றாலும் ராஜி, பாகச் சண்டை என்றாலும் ராஜி, பக்கத்து வீட்டு முருங்கை மரம் இந்தப் பக்கம் சாய்ந்தாலும் ராஜி. எது உடைந்து கிடந்தாலும் அவருக்குக் கை பரபரக்கும். ஒட்டவைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது அவர்கள் கம்பெனியில் தோல் வெட்டும் மெஷினில் ஒருவருக்கு இரண்டு விரல் போய்விட்டது. யூனியன்காரர்கள் கேஸ் போட்டே தீருவது என்று நின்றார்கள். பெரியப்பா அன்று சாயங்காலமே ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அவர் வீட்டுக்குப் போனார். மறுநாளும் போனார். கட்டுப் பிரிக்கிற அன்றைக்கு அவரே ஆஸ்பத்திரிக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார். கடைசியில் அந்த மனிதர் கேஸ் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தார். அதே கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது.

பல வருஷம் கழித்து, நான் நர்ஸான பிறகு, அந்த வாட்ச்மேனைப் பார்த்தபோது ஏன் எழுதிக்கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "ஐயா என் பக்கத்துல உக்காந்து அழுதாரும்மா. நமக்காக அழுவுற மனுஷன எதுத்துக்கினு எப்படிப் போறது?" என்றார். பெரியப்பா நிஜமாகவே அழுதிருப்பார். அதுதான் அவரிடம் இருந்த ஆபத்து. நடிப்பாக இருந்திருந்தால் சில பேராவது தப்பித்திருப்பார்கள்.

புருஷன் பெண்டாட்டி தகராறுக்கு அவரிடம் ஒரு தனி முறை இருந்தது. என்ன பிரச்சினை என்று கேட்கவே மாட்டார். கேட்டால் அது பெரிதாகிவிடும் என்பது அவர் கட்சி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இருவரையும் தனித்தனியாகத் தன் வீட்டுக்கு வரச்சொல்வார். ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது. வந்து பார்த்தால் கடையிலிருந்து பிரியாணி வந்திருக்கும். எதிரெதிரே உட்காரவைப்பார், பெரியம்மா பரிமாறுவார். "மொதல்ல சாப்டுங்க. பசியோட பேசுனா வார்த்த ஜாஸ்தியா வரும்" என்பார். கை கழுவி வந்ததும் முழங்கால் போடச் சொல்லி ஜெபம் பண்ணுவார். ஜெபம் முடிகிற சமயத்தில் இரண்டு பேருடைய கையையும் பிடித்து ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துவிடுவார். பெரியவர் பிடித்த கையை யார் உதறப்போகிறார்கள்? அத்தோடு அவர்கள் சேர்ந்துவிட்டதாக அர்த்தம்.

மறு ஞாயிறு அதற்கு முத்திரை விழும். எங்கள் சர்ச்சில் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்தவர்களின் பெயரையும், எதற்காகக் கொடுத்தார்கள் என்பதையும் போதகர் ஆராதனை நடுவில் வாசிப்பார். மகன் பாஸானதற்காக, கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக, புது வண்டி வாங்கியதற்காக என்று வரிசையாக வரும். அதற்கு நடுவில், 'இன்னார் குடும்பத்தில் சமாதானம் உண்டானதற்காக' என்று ஒன்று வரும். காணிக்கைக் கவரைப் பெரியப்பாவே போட்டிருப்பார். சபை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். அதற்குப் பிறகு அந்தப் பெண் மறுபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பினால், சபைக்கு முன்னால் வாசித்ததைப் பொய்யாக்கினவள் அவள்தான். அந்தப் பழிக்குப் பயந்தே பல பேர் வீட்டோடு கிடந்தார்கள்.

போன வருஷம் அவரை அடக்கம் செய்தபோது அப்படிச் சேர்த்து வைக்கப்பட்டவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். ஜோடி ஜோடியாக வந்து கல்லறைக்குப் பக்கத்தில் நின்றார்கள். எத்தனை குடும்பங்களை வாழவைத்தார் என்று போதகர் உருகினார். நான் அந்தப் பெண்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருத்தி என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை.

அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம். சொல்ல முடியவில்லை. அப்பா இறந்தபோது நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன், தம்பி என்னைவிடச் சின்னவன். பெரியப்பா இல்லையென்றால் நானும் பீடி சுற்றப் போயிருப்பேன். நர்சிங் நேர்முகத் தேர்வுக்கு அவர்தான் என்னை வேலூருக்குக் கூட்டிவந்தார். நாள் முழுக்க வெளி வாசலில் வெயிலில் நின்றார். கிடைத்துவிட்டது என்று நான் ஓடிவந்தேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டார். வேர்வை என்னவோ அவர் முகத்தில்தான் வழிந்துகொண்டிருந்தது.

எனக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அவர்தான். பெயர் ஜெயசீலன். காட்பாடியில் வீடு, ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் அக்கவுண்டன்ட். கல்யாணமான முதல் வாரத்திலேயே, "எனக்கு இதுல இஷ்டமே இல்ல. எங்கம்மாவுக்காகத்தான் கட்னேன். என்கிட்ட எதுவும் எதிர்பாக்காத" என்று சொல்லிவிட்டார். என்னிடம் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். பிறகு மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். டிபன் பாக்ஸை மேஜையில் வைப்பேன், எடுத்துக்கொண்டு போவார். காய்ச்சலில் நான் மூன்று நாள் படுத்திருந்தபோது ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்தார். தொட்டதில்லை, திட்டியதுமில்லை. வீட்டில் இருக்கிற பீரோவைப் போல நானும் இருந்தேன்.

தாங்கமுடியாமல் பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன். என்னிடம் மட்டும் அவர் தன் வழக்கத்தை மீறி விசாரித்தார்.

"அடிக்கிறாரா?"

"இல்ல பெரிப்பா."

"குடி?"

"இல்ல."

"வேற எங்கனா தொடுப்பு கிடுப்பு?"

"அதெல்லாம் ஒன்னுமில்ல."

"அப்புறம் இன்னாம்மா உனக்கு?"

"பேசமாட்டேங்குறாரு. எம்பேரு எஸ்தருன்னு அவருக்குத் தெரியுமான்னே எனக்குச் சந்தேகமா இருக்குது."

பெரியப்பா சிரித்துவிட்டார். "சண்டயே போடாத புருஷன். சர்ச்ல போய்க் கேட்டுப் பாரு, இப்படி ஒருத்தன் கெடைக்கலியேன்னு எத்தினி பேரு பேஜாராகிக் கெடக்கறாங்கன்னு. போம்மா, எல்லாம் சரியாப்பூடும்."

நான் வேலூரில் நர்ஸ் ஹாஸ்டலுக்கு வந்துவிட்டேன். எனக்கும் ஜெயசீலனுக்கும் வாழ்க்கையில் ஒத்துப்போன ஒரே விஷயம், பிரிந்துவிடலாம் என்பதுதான். வேலூரில் ஒரு பெண் வக்கீலைப் போய்ப் பார்த்தேன். நல்ல மாதிரி. எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னார்.

"கொடுமைன்னு கேஸ் போட்டா நிரூபிக்கணும் எஸ்தர். பேசலங்கறதுக்கு எங்கேயிருந்து சாட்சி கொண்டுவருவீங்க? ரெண்டு பேரும் சம்மதிச்சுப் போடறதுதான் உங்களுக்கு வழி. இந்துக் கல்யாணமா இருந்தா ஒரு வருஷம் பிரிஞ்சிருந்தா போதும். உங்க சட்டத்துல ரெண்டு வருஷம். அதுக்கப்புறம்தான் மனுவே போட முடியும். போட்டு ஆறு மாசம் கழிச்சு ரெண்டு பேரும் திரும்ப வந்து, ஆமா வேணாம்னு சொல்லணும். அதையும் பதினெட்டு மாசத்துக்குள்ள சொல்லிடணும். நடுவுல ஒருத்தர் மனசு மாறிட்டாலும் மனு அவ்ளோதான்."

"எதுக்கு மேடம் இவ்ளோ டைம்?"

"கோவத்துல வந்திருந்தா ஆறிடும், சேந்துடுவாங்கன்னு ஒரு நம்பிக்கைதான்."

சட்டம் எழுதியவர்கள் எங்கள் பெரியப்பாவைக் கலந்துகொண்டுதான் எழுதினார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. பிரசவ வார்டில் வேலை. பிறந்த குழந்தையை முதலில் வாங்குவது என் கைதான். துடைத்து, துணியில் சுற்றி, தாயின் பக்கத்தில் படுக்கவைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவேன். எனக்கென்று ஒன்று வேண்டும் என்று ஆசை. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, அதற்காகத்தான் அத்தனை அவசரமும். குடியாத்தத்தில் ஒரு பள்ளி ஆசிரியர், மனைவியை இழந்தவர், என் நிலைமை முழுக்கத் தெரிந்தவர், "தீர்ப்பு வரட்டும் எஸ்தர், நான் காத்திருக்கேன்" என்று சொல்லியிருந்தார். முப்பத்துநாலுக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று நம்பினேன்.

இரண்டு வருஷம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. கிறிஸ்துமஸ் நெருங்குகிற சமயம். பெரியப்பா ஹாஸ்டலுக்கு வந்தார். வரவேற்பறையில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் மாமியாருக்கு ரொம்ப முடியலம்மா. படுத்த படுக்கையா கெடக்கறாங்க. அவனுக்கு ஒன்னும் செய்யத் தெரியல."

"ஆள் வெச்சுக்கச் சொல்லுங்க பெரிப்பா."

"நீ நர்ஸுதான? முன்னப் பின்ன தெரியாதவங்களுக்கெல்லாம் மலம் எடுக்கற. இவங்களயும் ஒரு நோயாளின்னு நெனச்சுக்க. புது வருஷம் பொறக்கற வரைக்கும் இருந்துட்டு வந்துடு. நான் வேற ஒன்னும் கேக்கல."

அவர் கண் கலங்கியிருந்தது. கேஸ் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்த அந்த வாட்ச்மேனை அப்போது நான் நினைத்திருக்க வேண்டும். லீவு போட்டுவிட்டுப் போனேன். மாமியார் அறையில் தரையில் படுத்துக்கொண்டேன். புண்ணைச் சுத்தம் செய்து மருந்து வைத்தேன், கஞ்சி ஊட்டினேன். ஜெயசீலன் வழக்கம்போல டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனார், வந்தார்.

ஜனவரி முதல் ஞாயிறு ஆம்பூர் சர்ச்சில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். போதகர் காணிக்கைப் பெயர்களை வாசித்தார். "எஸ்தர் ஜெயசீலன் குடும்பத்தைக் கர்த்தர் மீண்டும் ஒன்றாக இணைத்ததற்காக" என்று வாசித்தார். திரும்பிப் பார்த்தால் பெரியப்பா கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார், கன்னத்தில் தண்ணீர் வழிகிறது. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் எல்லாரும் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒரு அம்மாள் என் வயிற்றைப் பார்த்து, அடுத்த கிறிஸ்துமஸுக்கு மூணு பேரா வரணும் என்றாள்.

வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். "மாமியாரப் பாத்துக்கத்தான் போனீங்கன்னு நான் வாதாடலாம். ஒரே கூரைக்குக் கீழ இருந்தாலும் புருஷன் பொண்டாட்டியா வாழலன்னா அது பிரிஞ்சிருக்கறதுதான். ஆனா ஜட்ஜ் உங்க ரெண்டு பேரையும் நேரா கேப்பாங்க, நடுவுல சேந்தீங்களான்னு. அவரு இன்னா சொல்வாரு?"

அங்கேயே உட்கார்ந்து ஜெயசீலனுக்குப் போன் போட்டேன். "சர்ச்ல அத்தினி பேருக்கு முன்னாடி வாசிச்சிட்டாங்களே. அதுக்கப்புறம் சேரவே இல்லன்னு எப்படி சத்தியம் பண்றது? பாவம் இல்லியா? புதுசா ரெண்டு வருஷம் இருந்துட்டே போட்டுக்கலாம்" என்றார். என்னிடம் அவர் பேசிய இரண்டாவது நீளமான பேச்சு.

அங்கிருந்து நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவரிடம் சத்தம் போட்டேன்.

"ஏன் பெரிப்பா இப்படி செஞ்சீங்க?"

"இன்னாம்மா செஞ்சேன்? ஆண்டவருக்கு நன்றிதான சொன்னேன்."

"என்னோட ரெண்டு வருஷத்த எடுத்துக்கிட்டீங்க."

"எடுக்கலம்மா. குடுத்திருக்கேன். நிதானமா யோசிக்கட்டும்னு ரெண்டு பேருக்கும் குடுத்திருக்கேன்."

சொல்லிவிட்டு, நான் கத்தியதில் என் தொண்டை கட்டிவிடப் போகிறதே என்று வெந்நீர் கொண்டுவரச் சொன்னார். இந்த மனிதரிடம் எதைச் சொல்லிப் புரியவைப்பது? பெரியம்மா கொண்டுவந்த வெந்நீரைக் குடிக்காமல் எழுந்துவந்தேன்.

குடியாத்தத்து ஆசிரியர் ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு வந்து எல்லாவற்றையும் கேட்டார். "இன்னும் ரெண்டு வருஷமா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அவருக்குச் சின்னப் பிள்ளைகள், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அந்த வருஷமே வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது எங்கள் வார்டில்தான். நான் அன்றைக்கு டியூட்டியை மாற்றிக்கொண்டேன்.

மறுபடி இரண்டு வருஷம் இருந்து மனுப் போட்டோம். ஆறு மாசம் கழித்து இரண்டாம் முறை வரச்சொன்ன நாளில் போனால், கோர்ட்டு வராந்தாவில் பெரியப்பா! அந்தப் பெயரைக்கூடச் சொல்லாத மனிதர், பெஞ்சில் ஜெயசீலன் பக்கத்தில் உட்கார்ந்து பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். "நீயும் வா, ரெண்டு வாய் சாப்டு" என்று என்னைக் கூப்பிட்டார். உள்ளே கூப்பிட்டதும் நீதிபதி கேட்டார். ஜெயசீலன் தரையைப் பார்த்துக்கொண்டு, "யோசிக்க டைம் வேணும்" என்றார். அடுத்த வாய்தாவுக்கும் பெரியப்பா வந்தார். அதற்கடுத்ததற்கும் வந்தார். பதினெட்டு மாசம் என்ற கெடு என் கழுத்துக்குக் கிட்டே வந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து. அந்த நாட்களில் அவர் செத்துப்போனால் தேவலை என்று நினைத்திருக்கிறேன். ஜெபத்தில்கூட நினைத்திருக்கிறேன்.

அவர் சாகவில்லை. சர்ச் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. கட்டிலோடு கிடந்தார். அடுத்த வாய்தாவுக்கு ஜெயசீலன் தனியாக வந்தார். நீதிபதி கேட்டதும், "சம்மதம்தாங்க" என்றார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. வெளியே வந்ததும் அவரிடம் கேட்டேன், இதை முதல் வாய்தாவிலேயே சொல்லியிருக்கலாமே என்று. "ஐயா கைய புடிச்சிக்கினு உக்காந்திருந்தாரு. அவரு முன்னாடி வாய் வரல" என்றார். எனக்கு முப்பத்தேழு வயது ஆகியிருந்தது.

சொல்லவேண்டும் என்று அன்றைக்கே ஆம்பூருக்குப் போனேன். ஜெயித்துவிட்டேன் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லவேண்டும் என்ற வெறி. கட்டிலில் அவர் பாதியாக இளைத்துக் கிடந்தார். "தீர்ப்பு வந்துடுச்சு பெரிப்பா" என்றேன்.

"அப்பீலுக்கு டைம் குடுப்பாங்கதான?"

"நாங்களே கேட்டு வாங்குன தீர்ப்புக்கு யாரு அப்பீல் போவாங்க?"

"இல்லம்மா, அதுக்குள்ள அவன ஒரு தடவ இங்க வரச் சொல்லு. இப்படிப் படுத்துக்கினே பேசறேன்."

அந்தக் குரலில் பழைய உற்சாகம் அப்படியே இருந்தது. எனக்கு வெறி எல்லாம் வற்றிப்போயிற்று. வருகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

பெரியம்மா என்னோடு கேட்வரை வந்தார். இரும்பு கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"எஸ்தரு, உன்ன ஒன்னு கேக்கணும். ரெண்டு வருஷம் பிரிஞ்சிருக்கணும்னு சொன்னியே, ஒரே வீட்டுக்குள்ள இருந்தாலும் அதுவும் பிரிஞ்சதுல சேத்தின்னு உங்க வக்கீலம்மா சொன்னாங்களாமே? நெசமா?"

சர்ச்சில் யாரோ ஒரு பெண் கேட்டுவரச் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்தேன். "நெசந்தான் பெரிம்மா. புருஷன் பொண்டாட்டியா வாழலன்னா போதும். யாருக்கு?"

"உன் தம்பி பொறந்த வருஷத்துல இருந்து நான் சமையக்கட்டுலதான் படுக்கறேன்" என்றார், அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்வதைப் போல.

தம்பிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். பெரியம்மாவின் கையைப் பிடித்தேன். எண்ணெய்ப் பிசுக்கோடு சூடாக இருந்தது.

"மனு போடலாம் பெரிம்மா. நான் கூட வர்றேன். ஆனா ரெண்டு பேரும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும். பெரிப்பா ஒத்துக்கணுமே."

பெரியம்மா சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"அவரா? நாங்க பிரிஞ்சிருக்கோங்கறதே அவருக்கு இன்னும் தெரியாதேம்மா."